அப்பா வெட்டிய மாத்திரைகள்

கடைத்தெருவில் அப்பாவுக்கு ஒத்தக்கோடு என்று பெயர். கண்ணாடிக் கடையில் வெட்டும் வேலை. பலகைமேல் கண்ணாடியைப் படுக்க வைத்து, அளவுகோலை இடது கையால் அழுத்திப் பிடித்து, மண்ணெண்ணெயில் தோய்த்த வெட்டுச்சக்கரத்தால் ஒரு கோடு இழுப்பார். பிறகு இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்து ஒரு அழுத்து. டக். அவ்வளவுதான். இழுத்த கோட்டின்மேல் இரண்டாம் தடவை ஓட்டக்கூடாது. ஓட்டினால் கண்ணாடி சொன்ன பேச்சைக் கேட்காது, தன் இஷ்டத்துக்குக் கிழியும். சந்தேகப் பிராணிகள் எல்லாரும் ஓட்டிப் பார்ப்பார்கள். அப்பா ஓட்டியதில்லை. சந்தேகம் என்ற ஒன்றே அந்த மனுஷனுக்குக் கிடையாது என்பாள் அம்மா. பாராட்டா, குறையா என்று கேட்டால் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

நான் ஒரு தொழிற்சாலையில் பழுதாய்வு செய்கிறேன். வெடித்த குழாய், கருகிய மோட்டார், தேய்ந்த பேரிங் என்று எது மேசைக்கு வந்தாலும், ஏன் போனது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். 'தெரியவில்லை' என்று எழுதினால் மேலதிகாரி திருப்பி அனுப்பிவிடுவார். அப்பா இறந்தது ஏன் என்று கேட்டபோது படித்தவர்கள் எல்லாரும் 'தெரியவில்லை' என்றுதான் சொன்னார்கள். அவர்களைத் திருப்பி அனுப்ப எனக்கு அதிகாரம் இல்லை.

முழங்கால் மடங்க மறுத்தபோது அப்பா வேலையை விட்டார். வாழ்நாள் முழுக்க மில்லிமீட்டரில் யோசித்தவர், அதற்குப் பிறகு மில்லிகிராமுக்கு மாறினார். அவருக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை. அம்மாவுக்கு ரத்த அழுத்தம், கொழுப்பு. மாதம் பிறந்தால் இருவருக்குமாக ஒரு பை மாத்திரை. கைக்கு வரும் ஓய்வுப் பணத்தில் அந்தப் பை ஒரு பெரிய கடி கடித்துக்கொண்டு போகும்.

வீட்டுக்கு எதிரே இருந்த சின்ன மருந்துக் கடையில்தான் வெகுகாலம் வாங்கிக்கொண்டிருந்தார். அப்புறம் தெருமுனையில் பெரிய மருந்துக் கடை ஒன்று வந்தது. ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் கம்பெனி. கண்ணாடிக் கதவு தானாகத் திறக்கும். அந்தக் கதவு எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்று விரலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அப்பா உள்ளேயே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு சலுகை அட்டை.

திட்டம் இதுதான். வருடத்துக்கு ஒருமுறை சந்தா. அதற்கு ஈடாக, கடையின் பட்டியலில் உள்ள ஜெனரிக் மாத்திரைகளை அடிமாட்டு விலைக்குத் தருவார்கள். குடும்பத்துக்கு ஒரே அட்டை போதும்.

"ஜெனரிக்னா என்னங்க, டூப்ளிகேட்டா?" என்றாள் அம்மா.

"மருந்து அதேதான். டப்பா மேல பெரிய கம்பெனி பேரு இருக்காது, அவ்வளவுதான். ஜன்னலுக்குக் கண்ணாடி போடுறப்ப எந்த பேக்டரின்னு நீ கேட்டியா?"

"ஜன்னலை நான் முழுங்கலயே."

அப்பாவுக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஆனால் அட்டையை விடவில்லை. பட்டியலை வீட்டுக்குக் கொண்டுவந்து, தரையில் விரித்து, பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்துவிட்டார். அவருடைய சர்க்கரை மாத்திரை பட்டியலில் இருந்தது. அம்மாவின் கொழுப்பு மாத்திரை, இருவரின் அழுத்த மாத்திரைகள் இருந்தன. சர்க்கரைக்கு அவர் போடும் இன்னொரு மாத்திரை இல்லை. அது அந்தப் பெரிய கடையில் யானை விலை, சின்னக் கடையில் மலிவு. ஆகவே பட்டியலில் இருப்பதை முனைக் கடையில் வாங்குவது, இல்லாததை எதிர்க் கடையில் வாங்குவது என்று முடிவாயிற்று. பையைத் தூக்கிக்கொண்டு அவர் கிளம்பும்போது, "ரெண்டு பொண்டாட்டிக்காரர் மாதிரி அலையுறாரு பாரு" என்பாள் அம்மா.

இதையெல்லாம்விடப் பெரிய கண்டுபிடிப்பு ஒன்று செய்தார். பட்டியலில் ஒரு மாத்திரைக்கு எத்தனை வீரியம் இருந்தாலும் விலை ஒன்றுதான். ஐந்து மில்லிகிராமும் அதே விலை, பத்தும் அதே விலை. போனில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இவனுங்களுக்குக் கணக்கு தெரியலையா, இல்ல நமக்குத் தெரியாதுன்னு நினைச்சுட்டானுங்களா?"

"ஏன்ப்பா?"

"பத்தை வாங்கி ரெண்டா வெட்டினா அஞ்சு. பாதி விலை. நான் யாரு?"

"டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் செய்ங்கப்பா."

கேட்டார். அவர்களை வெகுநாளாகப் பார்த்துவரும் டாக்டர் சிரித்துவிட்டு, நிறைய பேர் செய்வதுதான், இந்த மாத்திரைகளை வெட்டலாம், நடுவில் கோடு இருக்கும் என்று சொல்லி, இரட்டை வீரியத்தில் எழுதி 'அரை மாத்திரை' என்று குறித்துக் கொடுத்தார். நியாயமாகச் சொல்ல வேண்டும். இதுவரை யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை. மருந்து நல்ல மருந்து. அம்மாவின் அழுத்தமும் கொழுப்பும் அந்த அரை மாத்திரைகளில்தான் கட்டுக்குள் வந்தன. மிச்சமான பணத்தில் அவள் பல் கட்டிக்கொண்டாள்.

அப்பாவுக்கு மறுபடி வேலை கிடைத்தது போலாயிற்று. மாதத் தொடக்கத்தில் ஒரு காலை நேரம், ஜன்னலோரம் மேசை, கீழே வெள்ளைத் துணி, கையில் சவரப் பிளேடு. மாத்திரையின் கோட்டில் பிளேடை நிறுத்தி ஒரு அழுத்து. தூள் பறக்காது. இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உயரம் பார்ப்பார். நடுத்தடுப்பு வைத்த ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், இந்தப் பக்கம் அவருடையது, அந்தப் பக்கம் அம்மாவுடையது என்று கொட்டி வைப்பார். கோடு இருந்தா வெட்டலாம், கோடு இல்லைன்னா தொடக்கூடாது. இது அவர் சட்டம். எதிர்வீட்டு அம்மாவின் மாத்திரையைக்கூட, கோடு இல்லை என்று வெட்ட மறுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

சட்டம் தப்பில்லை. பெரும்பாலான மாத்திரைகளுக்கு அது பொருந்தும்.

போன வருடம் அப்பாவுக்குக் கால் வீங்கியது. அழுத்த மாத்திரையின் பக்கவிளைவு; அதை மாற்ற வேண்டியிருந்தது. வழக்கமான டாக்டர் விடுப்பில் இருந்தார். அவர் இடத்தில் ஒரு இளைய டாக்டர். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும் வகை மாத்திரை ஒன்றை எழுதினார். அப்பா வழக்கம்போல, "டபுளா எழுதிக் குடுங்க சார், பழைய டாக்டர் அப்படித்தான் எழுதுவார்" என்றிருக்கிறார். அந்தப் பையனும் பழைய சீட்டைப் பார்த்து அதே மாதிரி எழுதிவிட்டான். சீட்டு பெரிய கடைக்குப் போனது. அங்கே கவுண்ட்டரில் இன்றைக்கு நிற்பவர் நாளைக்கு நிற்பதில்லை. கம்ப்யூட்டரில் மாத்திரை சரி, வீரியம் சரி, சலுகை சரி. டப்பா கைக்கு வந்தது.

மெதுவாகக் கரையும் மாத்திரையை வெட்டினால் அது மெதுவாகக் கரையாது. நாள் முழுக்க வேண்டிய மருந்து காலையிலேயே ஒட்டுமொத்தமாக இறங்கும். அழுத்தம் சரேலென்று விழும், மாலையில் மருந்தே இல்லாதது போல ஏறும். எங்கள் தொழிற்சாலையில் வால்வு தானாகத் திறந்துகொண்டால் நடப்பது இதுதான். சாதாரண விஷயம். அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த மாத்திரையில் ஒரு கோடு இருந்தது.

வெட்டினார். முதல் வாரமே அம்மாவிடம், "புது மாத்திரை நல்லா வேலை செய்யுது. காலைல தலை லேசா இருக்கு" என்றிருக்கிறார். "உங்களுக்குத் தலை எப்பவுமே லேசுதான்" என்றிருக்கிறாள் இவள். அப்படியே விட்டுவிட்டார்கள். தலை லேசாக இருப்பதை நல்ல குணமாக எடுத்துக்கொண்டவர் டாக்டரிடம் ஏன் சொல்லப்போகிறார்?

ஒரு காலையில் மாடி வீட்டுக்காரருக்கு ஜன்னல் கண்ணாடி பொருத்திக் கொடுக்கப் போனவர், வெட்டி மிஞ்சிய துண்டோடு படியிறங்கும்போது விழுந்தார். தலையில் அடி. மருத்துவமனையில் கண் திறக்கவே இல்லை. "அவர் கையில இருந்த கண்ணாடி உடையவே இல்லைம்மா" என்று மாடி வீட்டுக்காரர் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அவருக்கு அது ஏதோ ஆறுதலாகப் பட்டிருக்க வேண்டும். எனக்கு எரிச்சலாக வந்தது.

வீட்டுக்கு வந்து மருந்து டப்பாவை எடுத்து, ஒட்டியிருந்த தாளைப் படித்தேன். கடையின் பெயர், அட்டை எண், விலை, சலுகை, கிளையின் தொலைபேசி, குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும். அதற்குக் கீழே, எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில்: வெட்டாமல், மெல்லாமல், முழுதாக விழுங்கவும். அதற்கு ஒரு வரி மேலே, கொட்டை எழுத்தில்: தினமும் காலை அரை மாத்திரை.

இரண்டும் ஒரே தாளில். ஒரே இயந்திரம் அச்சடித்தது.

மருத்துவமனை டாக்டரிடம் காட்டினேன். "சான்ஸ் இருக்கு. ஆனா வயசு, முழங்கால், படி, எல்லாமே இருக்கே. இதுதான்னு என்னால எழுத முடியாது" என்றார். இளைய டாக்டர் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டார். கம்பெனியின் உதவி எண்ணில் ஒரு பெண், "உங்க புகாரைப் பதிவு பண்ணிட்டோம், வேற ஏதாவது உதவி வேணுமா?" என்றாள்.

எதிர்க் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"அண்ணன் எல்லாத்தையும் என்கிட்டயே வாங்கியிருந்தா நான் சொல்லியிருப்பேன்மா. ஒரு பார்வையில தெரிஞ்சிருக்கும். அஞ்சு பத்துக்கு ஆசைப்பட்டு அங்க போனாரு."

கேட்டுக்கொண்டு நின்றேன். அது உண்மையாக இருந்தால் எனக்குக் கோபப்பட ஒரு இடமாவது கிடைக்கும். அப்போது ஒருவர் வந்து நாலு மாத்திரை மட்டும் போதும் என்றார். கடைக்காரர் மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி நாலைக் கொடுத்தார். மாத்திரையின் பெயரும் எச்சரிக்கையும் அச்சடித்திருந்த முனை அவர் கையிலேயே நின்றது. வாங்கியவருக்கு வெறும் பளபளப்பு. அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

"சரிண்ணா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். முனைக் கடையில் தாள் இருக்கிறது, ஆள் இல்லை. இங்கே ஆள் இருக்கிறார், தாள் இல்லை. அப்பாவின் பை இரண்டுக்கும் நடுவே போய் வந்தது. முழுப் பையையும் ஒரே ஆள் ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. சலுகையை எடைபோட்டபோது இந்த ஒன்றை அப்பா தராசில் வைக்கவில்லை. பட்டியலில் அதற்கு விலை போட்டிருக்கவில்லை.

இதற்கிடையில் வீட்டில் வேறொரு சிக்கல். ஒரு காலையில் அம்மா அப்பாவின் நடுத்தடுப்பு டப்பாவைத் திறந்து ஒரு அரை மாத்திரையை எடுத்து வாயில் போடுவதைப் பார்த்தேன். அப்பா விழுந்த களேபரத்தில் யாரோ டப்பாவைத் தட்டிவிட்டிருக்கிறார்கள். தடுப்பு கழன்று, இரண்டு பக்கமும் கலந்து கிடந்தது. அத்தனையும் வெள்ளை. அத்தனையும் பாதி.

"அம்மா, அதைத் துப்பு."

"என்னத்துக்கு?"

"அதுல அப்பாவோடதும் கலந்திருக்கு."

"என்னோடது எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"தெரியும்னா தெரியும்."

தெரியாது. முந்தின வாரம் குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். துக்கத்தில் சாப்பிடாததால் மயக்கம் என்று எல்லாரும் சொன்னோம். நானும் நம்பினேன். டப்பாவைப் பிடுங்கப் போனேன். அவள் அதை இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"கொட்டிட்டுப் புதுசு வாங்கலாம்மா."

"இன்னும் நிறைய நாளைக்கு இருக்கு. உங்க அப்பா உட்கார்ந்து வெட்டினது. கொட்டுறாளாம்."

"அதுலதான்ம்மா அவர் செத்தாரு."

இதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று யோசிக்க நேரமில்லை. சொல்லியாயிற்று. அம்மா டப்பாவை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"அவரு வெட்டினதுலயா, அவங்க எழுதினதுலயா?"

"ரெண்டும்தான்."

"அப்ப வெட்டினதை மட்டும் ஏன் கொட்டணும்ங்கிற?"

தர்க்கத்தில் அம்மாவை ஜெயித்தவர் எங்கள் வீட்டில் கிடையாது. கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். டப்பாவோடு பெரிய கடைக்குப் போவது, எது யாருடையது என்று அவர்கள் பிரித்துத் தந்தால் அம்மா தன்னுடையதை வைத்துக்கொள்வாள், முடியாதென்றால் கொட்டுவாள். டப்பாவை நான் தொடக்கூடாது.

கதவு தானாகத் திறந்தது. கவுண்ட்டரில் இருந்த மருந்தாளுநர் என் வயதுப் பெண். டப்பாவைத் திறந்து பார்த்தவள், கையுறை மாட்டிக்கொண்டு ஒரு பாதியை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"முழுசா இருந்தா மேல இருக்கிற எழுத்தை வெச்சு சொல்லிடுவேன்மா. இதுல எழுத்தும் பாதியாத்தான் இருக்கு. ரொம்ப கரெக்டா வெட்டியிருக்காங்க."

"அவர் கண்ணாடி வெட்டுறவரு" என்றாள் அம்மா.

அவள் உள்ளே போய், இருவருடைய அழுத்த மருந்தின் முழு மாத்திரைகளையும் கொண்டுவந்து காட்டினாள். இரண்டிலும் நடுவே கோடு. ஒன்று வெட்டுவதற்கான கோடு. இன்னொன்று மாத்திரையை அழுத்தும் அச்சில் விழும் கோடு, வெறும் அடையாளம். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். வித்தியாசம் தெரியவில்லை.

"இதை வெட்டக்கூடாதுன்னா கோட்டை எதுக்குப் போடுறாங்க?" என்றேன்.

"கம்பெனிக்குக் கம்பெனி மாறும் மேடம். எங்களுக்கு யாரு சப்ளை பண்றாங்களோ அவங்களோடது வரும். முன்னாடி வந்ததுல கோடு இல்ல."

"அரை மாத்திரைன்னு நீங்கதானே அடிச்சுக் குடுத்திருக்கீங்க?"

"டாக்டர் எழுதினதை சிஸ்டம் அப்படியே எடுக்கும். வெட்டக்கூடாதுன்னும் அதுல போட்டிருக்குமே."

"போட்டிருக்கு. ரெண்டும் போட்டிருக்கு."

அவள் முகத்தைப் பார்த்தபோது, அன்றைக்கு இங்கே நின்றவள் அவள் இல்லை என்று தெரிந்தது. கத்துவதற்குக்கூடச் சரியான ஆள் கிடைக்காத கடை.

"இதை வீட்ல வைக்காதீங்கம்மா, ப்ளீஸ்" என்று அம்மாவிடம் சொன்னாள். "தப்பானது ரெண்டு நாள் சேர்ந்தாப்ல உள்ள போனா விழுந்துடுவீங்க."

அம்மாவின் புது மாத்திரையைக் கேட்டேன். கம்ப்யூட்டர் மறுத்தது. அம்மா கையில் இன்னும் மாத்திரை மிச்சம் இருக்க வேண்டுமாம். சலுகையில் அதற்குள் தராதாம். நிலைமையை விளக்கியதும், அட்டைதாரர் பேசினால் மாற்றித் தரலாம் என்று சொல்லி, கம்பெனியின் எண்ணுக்குப் போட்டுக் கொடுத்தாள்.

"அட்டைதாரர்கிட்ட போனைக் குடுங்க" என்றது எதிர்முனை.

"அவர் இறந்துட்டாரு."

"சாரி மேடம். அவர் நம்பருக்கு ஒரு ஓடிபி எண் அனுப்பியிருக்கோம், அதைச் சொன்னீங்கன்னா தொடரலாம்."

"இறந்துட்டாருன்னு சொல்றேன்."

"புரியுது மேடம். அந்த எண் இல்லாம என்னால உள்ள போக முடியாது."

வேண்டாம், சலுகையே வேண்டாம், முழு விலைக்கு அடியுங்கள் என்றேன். மருந்தாளுநர் அடித்தாள். திரையில் வந்த தொகையை அம்மா எட்டிப் பார்த்தாள். அதே மாத்திரை. அதே அலமாரி. அப்பா கொடுத்துவந்ததுபோல் பல மடங்கு. எது நிஜ விலை, எது சலுகை விலை, இவர்கள் யாரிடமிருந்து எதை எடுத்து யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. நான் பணத்தை எடுத்தேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டு, மறுகையிலிருந்த போனை வாங்கிக்கொண்டாள்.

"ஏம்மா, இங்க பாரு. அவரு இல்ல. நான் அவரு சம்சாரம். அந்த அட்டையில நானும் இருக்கேன்ல? அப்ப அதை என் பேருக்கு மாத்து. என்ன காகிதம் வேணுமோ சொல்லு, எம் பொண்ணு ஓடிப்போய்க் கொண்டாருவா. அதுவரைக்கும் நான் மாத்திரை இல்லாம இருக்க முடியாதுல்ல? உங்க மேலதிகாரிய வரச் சொல்லு. நான் வெச்சிட்டுப் போகமாட்டேன்."

போகவில்லை. எங்களுக்குப் பின்னால் வரிசை வளர்ந்தது. யாரோ உச்சுக் கொட்டினார்கள். மேலதிகாரி வந்தார், அவருக்கு மேலே ஒருவர் வந்தார். பெயர் மாறியது. ஒரு தடவைக்கு விதிவிலக்கு என்றார்கள்.

"அதே பத்து மில்லிகிராம்தானேம்மா?" என்று மருந்தாளுநர் கேட்டாள்.

"வேணாம். அஞ்சு குடு. முழுசாப் போட்டுக்கிறேன்."

"ரெண்டும் ஒரே விலைதான். அஞ்சு வாங்கினா உங்களுக்குச் செலவு டபுளாகும்."

"தெரியும். வெட்ட ஆள் இல்ல."

நான் வெட்டித் தருகிறேன் என்று வாயெடுத்தேன். அம்மாவுடையது வெட்டக்கூடிய மாத்திரைதான்; கோடும் உண்மையான கோடு. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

மருந்தாளுநர் பழைய மருந்துகளைப் போடும் தொட்டியின் மூடியைத் திறந்தாள். அம்மா டப்பாவைத் தானே கவிழ்த்தாள். ஒட்டிக்கொண்டிருந்த ஒன்றிரண்டைச் சுண்டிவிட்டாள். ஒருகணம் உள்ளே எட்டிப் பார்த்தாள். அவ்வளவு வெள்ளைப் பாதிகள். எது அவருடையது, எது அவளுடையது என்று யாராலும் பிரிக்க முடியாது.

"டப்பாவையும் போட்றலாமா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"டப்பா என்ன பாவம் பண்ணுச்சு?" என்று அம்மா அதைப் புடவை முந்தானையால் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ரசீதின் அடியில் 'இன்று நீங்கள் சேமித்தது' என்று ஒரு தொகை அச்சாகியிருந்தது. அம்மா அதைப் படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"அவ்வளவா?" என்றாள்.

அவ்வளவுதான் என்றேன். கடையை விட்டு வெளியே வந்து இரண்டு பேரும் தெருவைக் கடந்தோம்.